நாலு விரற்கடை

"இது யாரு தோளு பாய்?"

கிரேஸி டீச்சரின் சக்கர நாற்காலி ஒப்பனை அறை வாசலை மறித்து நின்றது. நூர்முகம்மது தன் கையிலிருந்த கம்பளிச் சட்டையைப் பார்த்தார்.

"மணிராஜ் தோளுதான். கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

அவர் பேட்டையில் முப்பது வருடமாக ஸ்வெட்டர் பின்னுகிறவர். திருநெல்வேலி வெயிலில் அந்தத் தொழில் செய்யவே தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

பாளையங்கோட்டை அரங்கில் ஆறு மணிக்கு நாடகம். எழுதி இயக்கியது கிரேஸி. நடிக்கும் ஐந்து பேரும் மாற்றுத்திறனாளிகள். அவரவர் உடம்பு எப்படியோ அப்படியே தெரியும்படி, அவரவரே மாதக்கணக்கில் உட்கார்ந்து சட்டை பின்னியிருந்தார்கள். துண்டுகளை இணைத்துக் கொடுப்பது மட்டுமே பாயின் வேலை. மணிராஜுக்கு முதுகு வளைந்து, இடது தோள் நாலு விரற்கடை இறக்கம். அவன் பின்னிய சட்டையும் அப்படியே இறங்கியிருந்தது. பாய்க்குக் கை சும்மா இருக்குமா? தோளைப் பிரித்து, உயர்த்திப் பின்னி, உள்ளே பஞ்சும் வைத்துவிட்டார். புண்ணியம் செய்த திருப்தியோடு வேறு வந்திருந்தார்.

ஒப்பனை அறைக்குள்ளிருந்து வந்த மணிராஜ் எட்டிச் சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

"இப்படி வேணும்னா கடையிலயே வாங்கியிருப்பேனே! இத்தன வருசம் துண்டப் போட்டு மறைச்சது போதாதா? நான் மேடை ஏறல. ஒங்க கை இனி எம்மேல படக் கூடாது."

பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாடகத்தின் முதல் காட்சியே அவன் துண்டை உதறிவிட்டு நிற்பதுதான். அவன் இல்லாவிட்டால் நாடகம் இல்லை.

பாய் ஊசியை எடுத்தார். "ஒரு மணி நேரம் இருக்குல்லா டீச்சர். பழையபடி ஆக்கித் தாரேன்."

பஞ்சை உருவினார். தோள் பூரி மாதிரி உப்பி நின்றது. மேல் வரிசையை மட்டும் பிரிக்கலாம் என்று ஒரு நூலை இழுத்தார். அது வேறு நூல். சட்டையின் கை முழங்கை வரை சரசரவென்று அவிழ்ந்து மடியில் விழுந்தது.

"யா அல்லாஹ்!"

அப்போது தேநீர்த் தட்டோடு ஜாய்சி வந்தாள். மாஞ்சோலை மலைக் குளிரில் தேயிலை பறித்தவள். தோட்டத்தை மூடி எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது அவளும் இறங்கி, இந்த அரங்கில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"பாய், நான் ஒண்ணு சொல்லட்டா..."

"பொறவு சொல்லு தாயி! கண்ணி விட்டுப் போவுது."

அவர் ஊசியை ஓட்டினார். ஆள் எதிரில் இல்லாதபோது தன் உடம்பில் போட்டு அளவு பார்ப்பது அவர் வழக்கம். சட்டையை மாட்டிக்கொண்டு, தன் இடது தோளிலிருந்து சரியாக நாலு விரற்கடை கீழே குறி வைத்துப் பின்னி முடித்தார். கிரேஸி அதை மடியில் வைத்து நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"கூடுதலா எறங்கிட்டு பாய். தொளதொளன்னு தொங்குது."

"இருக்காதே!"

பிரித்தார். மறுபடி தன்மேல் போட்டார், மறுபடி அளந்தார். இம்முறை நாடாவை வைத்தே அளந்தார். நாலு விரற்கடை, ஒரு நூல் கூடக் குறைய இல்லை. கிரேஸி கொண்டுபோய் மணிராஜுக்குப் போட்டால் மறுபடியும் தொங்கியது. முதல் மணி அடித்தது. வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"பயலுக்குக் கோவத்துல தோளு ஏறிட்டோ?"

"பாய்!" கிரேஸியின் கண்கள் நிறைந்திருந்தன. "நிறுத்துங்க. நாடகம் இல்லன்னு போய்ச் சொல்லிருதேன்."

நூர்முகம்மது உட்கார்ந்துவிட்டார். நல்லது செய்யப் போய் ஒரு பையனின் ஆறு மாத உழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜாய்சி தட்டைக் கீழே வைத்தாள். சட்டையை எடுத்து, இடது தோளில் ரெண்டு விரற்கடையை உள்ளே மடித்து, நாலு தையல் போட்டாள். பக்கத்து அறைக்கு அவளே கொண்டுபோனாள்.

ரெண்டாவது மணி அடித்தது. கதவு திறந்தது. மணிராஜ் வந்தான். சட்டை அவன் தோளோடு தோளாக, அவன் இறங்கிய இடத்தில் இறங்கி, கச்சிதமாகப் படிந்திருந்தது. மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேடைக்கு நடந்தான். துண்டை உதறிவிட்டு நின்றான். பிறகு அரங்கம் அதிரக் கைதட்டியது.

நூர்முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் தொழில்காரருக்கு மனசு ஆறவில்லை.

"ஏம்மா, நாடா வச்சு அளந்த எனக்கே பிடிபடல. சரியா ரெண்டு விரக்கடதான்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மாஞ்சோலையில இருவது வருசமா ஒங்க ஸ்வெட்டர்தான பாய் போட்டோம், எல்லாத்துலயும் இடது பக்கம் தொங்கும்," என்றாள் ஜாய்சி, காலி டம்ளர்களை அடுக்கியபடி. "ஒங்க இடது தோளு ரெண்டு விரக்கட எறக்கம்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியுமே!"