மூன்று குழாய் ரத்தமும் உன் கையெழுத்தும்

மாம்புரி,
2012 ஆவணி

அன்புள்ள றோசமேரிக்கு,

தலவிலக் கோயில் அன்னம்மாளின் காவலில் நானும் மகள் ஷானிகாவும் இரண்டு ஆடுகளும் சுகம். குவைத்தில் நீயும் உன் மேடத்தின் பிள்ளைகளும் அதே காவலில் இருப்பீர்களென்று நம்புகிறேன். எழுத்து கோணலென்றால் மேசையைக் குறை சொல். இதைக் கொண்டுவருகிற யூஜீனியா, பிளேன் ஏறமுதலே குவைத்தைப் பற்றி எங்களுக்குப் படிப்பிக்கிறா. நீயும் பொறுத்துக்கொள்.

காய்ச்சலுக்குப் பிறகு என் விரல்கள் வீங்கியதும், காலையில் சட்டைப் பொத்தான் போட ஷானிகா வரவேண்டியிருப்பதும் உனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டுப்போன நோவென்றால் தானாக மாறும், மேடத்திடம் இன்னும் இரண்டு வருச வேலைக்குக் கையெழுத்து வைக்கிறேன், நிலைத்து நிற்கிற வாதமென்றால் வந்துவிடுவேன் என்று நீ போனில் சொன்னாய். அன்றிலிருந்து தன் வருத்தம் பெரிதாக இருக்கவேண்டுமென்று ஆசைப்பட்ட ஒரே மனிதன் இந்தக் கரையில் நான்தான். அந்தோனியார் கோயிலில் ஏழைகளுக்குப் பாண் கொடுக்க நேர்ந்தேன். எதற்கு நேர்த்தி என்று பங்குச் சுவாமி கேட்டார். சொன்னேன். பாணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்னார்.

மீன் ஏலம் கூறுகிறவன் இது யூரிக் அமிலம், இறாலும் கள்ளும் ஆகாது என்றான். தவக்காலத்தில்கூட விடாத கள்ளை விட்டேன். பக்கத்து வளவு ஜபாருக்கும் அதே காய்ச்சல், அதே வீக்கம், அவன் மனைவி றைஸா இரண்டு பேருக்கும் ஒரே எண்ணெயைப் பூசிவிட, கரைவலைக் கயிறு கையில் நிற்காமல் வழுக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் பாதி மீன் போயிற்று. கடைசியில் பாலாவியில் பஸ் மாறி, சிலாபத்து டொக்டரிடம் போனோம். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே வீக்கம்தான், ரத்தத்தைத்தான் கேட்கவேண்டும் என்று அவர் ஆளுக்கு மூன்று குழாய் எடுப்பித்தார். ஒன்று யூரிக் அமிலத்துக்கு, ஒன்று காய்ச்சலின் தடயத்துக்கு, மூன்றாவது சி.சி.பி. என்ற எதற்கோ, உடம்பு தன் மூட்டையே பகையென்று நினைத்து அடிக்கிற வாதத்தை அதுதான் காட்டிக்கொடுக்குமாம்.

முடிவுக்குக் காத்திருந்தபோது ஜபார் காதோடு சொன்னான்: "மச்சான், நான் அது இல்லாம இருக்க துஆ கேக்குறன், நீ இருக்க நேர்த்தி வெக்கிறாய். மேல போற வழியில ரெண்டும் மாறிக்கீறிப் போனா என்ன செய்ற?"

மாறித்தான் போயிற்று. யூரிக் அமிலம் இருவருக்கும் இல்லை. கள்ளை வீணாக விட்டிருக்கிறேன். மூன்றாவது குழாய் காட்டிக்கொடுத்தது ஜபாரை. எனக்குக் காய்ச்சலின் மிச்சம்தான், கொஞ்ச நாளில் மாறுமாம். பாவம், பஸ்ஸில் சிலாபத்திலிருந்து அழுதுகொண்டு வந்தான்.

ஆகவே யோசிக்காமல் கையெழுத்து வை. கூரை பாதியில் நிற்கிறது, ஷானிகாவின் படிப்பும் இருக்கிறது. உன் அலுமாரியை இடைக்கிடை திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். பூச்சி வராமலிருக்க என்று ஷானிகாவுக்குச் சொல்லியிருக்கிறேன். தலவில திருநாளுக்கும் போனேன். நாங்கள் வழக்கமாகக் கூடாரம் போடுகிற மரத்தடியில் நீர்கொழும்புக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த மனுசி புருசனுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தா. சும்மா நின்று பார்த்தேன். பசியென்று நினைத்து எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். உப்புக் கூடுதல்.

மேடத்துக்கு என் வணக்கம். மாதா உன் இரண்டு கையையும் மடங்கி நிமிரக் காப்பாளாக.

உன் அன்புக் கணவன்,
இன்னாசிப்பிள்ளை

பி.கு.: யூஜீனியா சூட்கேசைப் பூட்டப்போகிறா, ஆகவே சுருக்கமாக. காய்ச்சலின் மிச்சம் ஜபாருக்குத்தான், மூன்றாவது குழாய் காட்டிக்கொடுத்தது என்னை. பஸ்ஸில் அவன் அழுதது எனக்காக. கேட்டபடியே கிடைத்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று, மாற்றி எழுதிவிட்டேன். பயப்படாதே, குளிசையை விடாமல் போட்டால் விரல் கோணாமல் பார்த்துக்கொள்ளலாமென்கிறார் டொக்டர். கையெழுத்து வைக்காதே. மேடம் கேட்டால், மனுசன் ஆசைக்குக் கூப்பிடவில்லை, ரத்தத்திலேயே இருக்கிறதென்று சொல். ஆசைக்கும்தான் என்பதை அவவுக்குச் சொல்லவேண்டாம்.