அம்மாவுக்கு வாரம் ஒரு பிரச்சினை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகப் பெரியப்பாவிடம். அவர் எதையும் சத்தமாகத்தான் படிப்பார், பக்கத்து வீட்டிலிருந்து சந்தேகம் கேட்பார்கள். உங்கள் முழங்கால் வலியை விசாரிக்க வேண்டும், விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்தபடி எழுதுகிறேன்.

அம்மா ஃபெலோஷிப்புக்குப் போயிருப்பது உங்களுக்குத் தெரியும். தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கான தலைமைப் பயிற்சி. மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும், அவசரம் என்றால் தவிர ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன், பாதியில் விட்டுவிட்டு வந்தால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அம்மா ஒரு நாளும் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. இந்தப் பயிற்சிக்குத்தான் எத்தனை தடவை விண்ணப்பித்தாள்.

முதல் ஞாயிறு, "எல்லாம் சரியா நடக்குதா?" என்றாள். "நல்லா நடக்குதும்மா" என்றேன். "ஓ" என்றாள். மெக்கானிக் அண்ணன் ஆறுதல் சொல்வதாக நினைத்துப் போனைப் பிடுங்கி, "நீங்க இல்லாம வேலை சட்டுன்னு முடியுதும்மா, நிம்மதியா படிங்க" என்றார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லையாம். அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும், முதியோர் இல்லம் நடத்துகிற அத்தை ரகசியமாகப் போனில் சொன்னார்.

பழுதான நாற்காலிகளுக்கு நடுவே கூட்டம் போட்டோம். "வருஷக்கணக்கா ஓடுன வண்டிய திடீர்னு நிறுத்துனா இன்ஜின் போயிடும். அம்மாவுக்கு வாரம் ஒரு சின்னப் பிரச்சினை கொடுக்கணும்" என்றார் கணக்கர் மாமா. "இன்ஜினப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்றார் மெக்கானிக் அண்ணன். ஆனால் ஒத்துக்கொண்டார்.

முதலில் கிடங்குச் சாவி தொலைந்தது என்றோம். "நிலைக்கு மேல இன்னொண்ணு இருக்கு பாரு. நான் ஒருத்தி இல்லன்னா அங்க ஒண்ணும் நடக்காது" என்று அலுத்துக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷமான அலுப்பை நான் கேட்டதே இல்லை. அடுத்த வாரம், இரவல் வாங்கிய நாற்காலியைத் தலைமையாசிரியர் திருப்பித் தர மறுக்கிறார் என்றோம். பாவம், அவர் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவரை எப்படித் திட்ட வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதித் திருப்பிப் படித்துக் காட்டினேன். இப்போது அவர் எதிரே வந்தால் நான் வேறு தெருவில் போகிறேன்.

போன ஞாயிறுதான் எல்லாம் கைமீறியது. மெக்கானிக் அண்ணன் வேலையை விட்டுப் போகிறேன் என்று ஆரம்பித்து, சொல்லச் சொல்ல அவருக்கே துக்கம் வந்து அழுதுவிட்டார். நான் மட்டும் சளைத்தவனா என்று கணக்கர் மாமா, வீட்டுக்காரர் கிடங்கைக் காலி பண்ணச் சொல்கிறார் என்றார். டிரைவர் அண்ணன் தன் பங்குக்கு வேனில் பிரேக் பிடிக்கவில்லை என்றார். கடைசியில் போன் என்னிடம் வந்தது. எனக்குச் சொல்லப் பொய் மிச்சமில்லை. கணக்கில் ஃபெயில் என்று உண்மையைச் சொன்னேன். "அத அப்புறம் பாக்கலாம், போனை மெக்கானிக்கிட்ட குடு" என்றாள். இத்தனை பிரச்சினையில் நிஜமானது அது ஒன்றுதான் பெரியம்மா, அதற்கு மட்டும் மதிப்பில்லை.

இன்று சாயங்காலம் அந்த அத்தை மறுபடி கூப்பிட்டார். அம்மா பெட்டி கட்டுகிறாளாம். ஃபெலோஷிப்பை விட்டுவிட்டு வந்தால், அதைக் கெடுத்தது நாங்கள்தான். எவ்வளவு நாள்தான் ஒவ்வொரு பொய்யாக ஞாபகம் வைத்துக்கொள்வது, அலுத்துப்போச்சு. உங்களுக்குப் போன் செய்தால் பெரியப்பாதான் எடுப்பார். அதனால் காலையில் உங்கள் பக்கம் வருகிற டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடனே அம்மாவைக் கூப்பிட்டு எல்லாம் தீர்ந்தது என்று சொல்லுங்கள். தீர்ந்தது என்று மட்டும். பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

யாரோ வாசல் கதவைத் தட்டுறாங்க. கூடத்தில் படுத்திருக்கும் டிரைவர் அண்ணன் "யாரு?" என்கிறார். இது அம்மா தட்டுற மாதிரியே

பின்குறிப்பு: அக்கா, இது நான். பிள்ளை தூங்கிவிட்டாள். தலையணைக்கு அடியில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனேன், கடிதம் இருந்தது. நான் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. அனுமதி வாங்கித்தான் வந்தேன், நாளை மறுநாள் திரும்பிவிடுவேன். முதல் நாளே பயிற்சியில் சொல்லிவிட்டார்கள்: "நீங்க இல்லாமயும் ஆபீஸ் நல்லாத்தான் நடக்கும். உங்க மனசு நோகுமேன்னு உங்க ஆளுங்களே பிரச்சினை செஞ்சு அனுப்புவாங்க." இப்போது ஞாயிறு இரவுகளில் யாருக்கு வந்த பிரச்சினை உசத்தி என்று சாப்பாட்டு மேசையில் போட்டியே நடக்கிறது. எங்கள் மெக்கானிக்கின் அழுகைக்குத்தான் இதுவரை முதல் இடம்.

பொய் சொல்லும்போது இவள் குரல் கணீரென்று இருக்கும். கணக்குப் பரீட்சையைச் சொல்லும்போதுதான் உள்ளே போயிருந்தது. அதற்காகத்தான் வந்தேன். காலையில் இரண்டு பேரும் உட்காரப் போகிறோம். எனக்கும் கணக்கு அரைகுறைதான்.

கடிதத்தைப் படிக்காதவள் போல நானே ஒட்டி டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். நான் எழுதியதை யாரிடமும் காட்டாதே, முக்கியமாக இவளிடம். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால், அடுத்த ஞாயிறு எல்லாரும் சேர்ந்து "நல்லா நடக்குதும்மா" என்பார்கள். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை அக்கா.