தாய்மாமன் வேட்டியில் சென்சார் ஓட்டை

என் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. கேட்பவர்களிடமெல்லாம் சின்ன வயதில் நாய் கடித்தது என்று சொல்லிவந்தேன். இவ்வளவு வட்டமாகக் கடிக்கிற நாய் எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. நாய் பாவம், இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது என் வாய்க்கொழுப்பு போட்ட தழும்பு.

விழுப்புரத்தில் மோட்டார் பம்பு, பைப் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு வியாதி வந்திருந்தது. உலகத்தில் எது ஒழுகினாலும், குழாயை முறுக்கி மாட்டுகிற மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பால் அடைத்துவிடலாம் என்று மனதார நம்பினேன். (சாம்பார் ஒழுகிய டிபன் டப்பாவுக்கு அதைச் சுற்றி, மூடி திறக்காமல் ஒரு மதியம் பட்டினி கிடந்தவன் நான். அன்றைக்கே திருந்தியிருக்கலாம்.)

நான்கு வருஷத்துக்கு முன்னால், அமுதா அக்காவின் மகன் கவினுக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். கிளியனூரில், அக்காவின் புகுந்த வீட்டுக் குலதெய்வம் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். கூடப் பிறந்த தம்பி என்று அவளுக்கு இருப்பது நான் ஒருத்தன். அக்கா ஒரு வாரமாகப் போன் செய்துகொண்டே இருந்தாள்.

“டேய் பாலு, என் கல்யாணத்துல நம்ம ஊட்டு வேன் லேட்டா வந்ததை எங்க மாமனாரு இன்னும் சொல்லிக் காட்டிக்கினு இருக்காரு. பத்தரைக்குள்ள காது குத்தியாவணும். நீ வரலன்னா நம்ம பெரியப்பா பையன் மடியில உக்கார வெச்சிடுவோம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. என் மானம் உன் கையிலதாண்டா இருக்குது.”

“அக்கா, நான் வர்ற சத்தம் உங்க ஊருக்கே கேக்கும். நீ நிம்மதியா இரு” என்றேன். (அன்று நான் காப்பாற்றிய ஒரே வாக்கு இதுதான்.)

சத்தம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த மாதம்தான் வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, தடதடவென்று அதிருகிற புதுச் சைலன்சர் ஒன்றை மாட்டியிருந்தேன். அதில் ஒரே ஒரு சிக்கல். இப்போது வருகிற வண்டிகளில் புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. அது புகையை மோந்து பார்த்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும். புதுச் சைலன்சரில் அதை மாட்டுவதற்கு இடமே வைக்கவில்லை. சென்சார் ஒயரோடு அந்தரத்தில் தொங்க, மீட்டரில் மஞ்சள் விளக்கு நாள் முழுக்க எரிந்தது.

காதுகுத்துக்கு முதல் நாள் மெக்கானிக் அன்சாரி பாயிடம் போனேன். பாய் ஒரு இரும்பு வளையத்தை எடுத்துக் கொடுத்தார். உள்பக்கம் மரை போட்டிருந்தது.

“குழாயில ஓட்டை போட்டு இந்த வளையத்தை வெல்டிங் வெச்சாதான் சென்சார் நிக்கும். வெல்டிங் வைக்கசொல்ல உள்ள ஒரு போல்ட்டை முறுக்கி வுட்ருங்க. இல்லன்னா சூட்டுல மரை கோணிக்கும். பாண்டியில ஒரு லேத்துப் பட்டறையில சுத்தமா பண்ணுவாங்க, ரெண்டு நாள் ஆவும். பேஜாரு பண்ணிக்காம நாளைக்கு வேன்ல போங்க தம்பி.”

“மரையைப் பத்தி எனக்கே சொல்றீங்களா பாய்? பன்னெண்டு வருஷமா மரையிலதான் சோறு துன்னுக்கினு இருக்கேன்” என்று சிரித்தேன். பாயும் சிரித்தார். இரண்டு சிரிப்பும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வளையத்தோடு நேராக, வீட்டுக் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறைக்குப் போனேன். போல்ட்டை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை, அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். போதாததற்கு, “வெளிப்பக்கம் பாத்த மாதிரி வைங்க, நாலு பேருக்குத் தெரியணும்” என்று வேறு சொன்னேன்.

“சார், கால்கிட்ட வருதே” என்றார் வெல்டர்.

“வரட்டும்” என்றேன். வந்தது.

வீட்டுக்கு வந்து சென்சாரை முறுக்கினால் ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. பாய் சொன்னபடி மரை கோணியிருந்தது. புத்தியுள்ளவன் பாயிடம் ஓடியிருப்பான். நான் கடைக்கு ஓடினேன். வெள்ளை டேப்பைப் பதினான்கு சுற்றுச் சுற்றி, குழாய் ஸ்பேனரால் ஒரு அழுத்து அழுத்தினேன். சென்சார் நின்றது, மஞ்சள் விளக்கு அணைந்தது. ‘பாலு, நீ எங்கேயோ இருக்க வேண்டியவன்டா’ என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கே எங்கள் வீட்டார் சீர்த்தட்டுகளோடு வேனில் கிளம்பினார்கள். “ஒழுங்கா வேன்ல ஏறுடா” என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! எட்டு மணிக்குப் பட்டு வேட்டியைக் கட்டி, கவினின் தங்கக் கம்மலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கக் கிளம்பினேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஏதோ கருகுகிற நாற்றம். யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி காலடியில் ‘டொப்’ என்று ஒரு வெடி. ஐயோ, இன்ஜின் வெடித்துவிட்டது! வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். குனிந்து பார்த்தேன். சென்சார் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. டேப் உருகிக் கன்னங்கரேலென்று ஒழுகியிருந்தது. இன்ஜின் சூட்டை டேப் தாங்குமா என்று ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கத்தியை வாங்கி, ஓட்டையை அடைக்க ஒரு வேப்பங்குச்சியைச் சீவினேன்.

“குச்சியை அடுப்புல சொருவுற மாதிரி இருக்குதே தம்பி. எரிஞ்சிடாது?”

“அதெல்லாம் எரியாதும்மா” என்று கல்லால் நாலு தட்டுத் தட்டி இறுக்கினேன். (பட்டும் புத்தி வரவில்லை, பாருங்கள்.)

திண்டிவனம் வரும்போதே மணி ஒன்பதே முக்கால். வண்டி இருமியது, குலுங்கியது, நின்று நின்று போயிற்று. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு, சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்து என்ன சொல்ல? கோயில் பந்தல் கண்ணில் படும்போது பத்து இருபது. அப்பாடா என்று ஆக்சிலேட்டரை விட்டேன்.

‘டமார்!’

குச்சி நெருப்போடு பறந்து போய், எங்கள் வீட்டுச் சீர்த்தட்டில் ‘டங்’கென்று விழுந்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. “சிலிண்டரு வெடிச்சிடுச்சு, ஓடுங்க!” என்று யாரோ கத்த, சமையல்காரர் கரண்டியோடு வயலில் இறங்கி ஓடினார். நான் மட்டும் ஓடவில்லை. என் வேட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஓட்டை வழியாகச் சீறிய சூட்டில் பட்டு பொசுங்கி, அதன் கீழே காலும் பொசுங்கியிருந்தது. அக்காதான் ஓடிவந்து மஞ்சள் தண்ணீர்க் குடத்தை அப்படியே என்மேல் கவிழ்த்தாள்.

அக்காவின் மாமனார் நிதானமாக எழுந்து வந்தார். “வந்துட்டாரு தாய்மாமன். விழுப்புரத்துல கெளம்பசொல்லவே சத்தம் கேட்டுச்சு.”

கூட்டம் சிரித்தது. கவின் என்னைப் பார்த்து வீறிட்டு, அக்காவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டான்.

“புள்ளை நடுங்கிக்கினு இருக்கான். நேரம் போவுது, வேற மடி பாருங்க” என்றார் அக்காவின் மாமனார்.

அக்கா கண் நிறைய நீரோடு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. ஒரு சைலன்சர் கெத்துக்காக என் அக்காவைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டேனே! சொட்டச் சொட்ட மணையில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினேன்.

கவின் அழுகையை நிறுத்தினான். அவன் பார்வை என் வேட்டியில் இருந்தது.

“மாமா, ஓட்டை.”

“ஆமாண்டா, ஓட்டை.”

“வெரலு வுடட்டா?”

“வுடுடா ராஜா.”

இறங்கி வந்து மடியில் உட்கார்ந்தான். ஈரத்தில் சுருண்டு கிடந்த வேட்டியை இழுத்து, ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டான். விரல் நேராகத் தீப்புண்ணில் போய் நின்றது. உயிர் உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு காது குத்துகிற ஆசாரிக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் இடது காதைக் குத்தினார். கவின் விரலைத் திருகினான். வலது காதைக் குத்தினார். இன்னும் கொஞ்சம் திருகினான். பத்து இருபத்தெட்டுக்கு வேலை முடிந்தது. பிள்ளைக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குத் தாரை தாரையாக ஊற்றியது.

அக்காவின் மாமனார் குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எத்தினி காதுகுத்து பாத்திருக்கேன். காது புள்ளைக்கு, அழுவுறது மாமனா?” என்றார். இந்தத் தடவை அக்காவும் சேர்ந்து சிரித்தாள். நான் அழுதபோது எடுத்த போட்டோ அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தக் கதைதான்.

அடுத்த வாரமே பாய் பழையபடி கம்பெனி சைலன்சரை மாட்டி, சென்சாரைத் தன் கையாலேயே முறுக்கிவிட்டார். டேப் ஒரு சுற்றுகூட இல்லை.

போன மாதம் அக்காவின் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. போன் செய்தது அக்கா இல்லை, அவள் மாமனார். “தம்பி, புதுசு எதுவும் கட்டிக்கினு வராதீங்க. அந்த ஓட்டை வேட்டியையே கட்டிக்கினு வாங்க. நீங்க வந்தாதான் ஆரம்பிப்போம்” என்றார்.

வேனில் ஏறி, இரண்டு மணி நேரம் முன்னாடியே கோயிலுக்குப் போய் மணையில் உட்கார்ந்தேன். மடியில் வைத்ததுமே பாப்பா அழுது ஊரைக் கூட்டினாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற கவின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, தங்கச்சியின் கையைப் பிடித்து என் வேட்டி ஓட்டையில் வைத்தான்.

“இதுல வெரலை வுடு பாப்பா. நீ அழ வேணாம், மாமா அழுவாரு.”