அதுக்கு ஆள் போட்டிருக்கு

கண்டி நகரத்தில் குரங்குகளுக்கு அடுத்தபடியாக எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிற இனம் ஒன்று உண்டு. அதற்கு 'ஆள் போட்டவர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இவர் வேலை செய்ய மாட்டார்; ஆனால் எந்த வேலையையும் வேண்டாமென்று சொல்லவும் மாட்டார். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, வாங்கிய சூடு ஆறுமுன் அடுத்தவர் தலையில் வைத்துவிட்டு, மலையைச் சுமந்து இறக்கியவர்போல நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வார். கேட்டால் "அதுக்கு ஆள் போட்டிருக்கு" என்பார். அந்த ஆள் வேலையைச் செய்தாரா? அதைப் பார்க்கவும் ஆள் போட்டிருக்கிறார்.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் ராஜரத்தினம். தொழிற்பயிற்சி இணைப்பாளர். நகரத்தின் நடுவே மாடியில் அலுவலகம். அவர் உட்காரும் கதிரைக்குப் பின்னால் 'தரமே எமது மூச்சு' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட வாசகம். படியேறி வந்ததும் அவருக்கு வாங்குகிற மூச்சு அந்த மூச்சுத்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்று அரசாங்கம் மக்கள் பணத்தை ஒதுக்கி, பொறுப்பை இவரிடம் கொடுத்தது. இவர் அதைப் பிலிமத்தலாவையில் ஒரு சங்கத்திடம் கொடுத்தார். சங்கம் அதைக் கலகெதரயில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தும் மஹ்மூதிடம் கொடுத்தது. மஹ்மூத் அதை மடுல்கெல்லத் தோட்டத்துச் சீதாவிடம் கொடுத்தார். சீதா யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுக்க அவளுக்குக் கீழே ஆள் இல்லை. அவளே அந்தப் பயிற்சியைப் போன மாதந்தான் முடித்திருந்தாள். முடித்த கையோடு ஆசிரியையாகிவிட்டாள்.

நோயாளியைத் தூக்கிப் பழக ஆளுயரப் பொம்மை ஒன்று வேண்டும் என்கிறது பாடத்திட்டம். அதை வாங்கவும் ராஜரத்தினம் ஆள் போட்டார். பொம்மை வந்தது. கலகெதர வரைக்கும் வந்தது. அதற்கு அப்பால் வரவில்லை. அங்கே ஒரு புடவைக்கடை வாசலில் சேலை கட்டிக்கொண்டு சந்தோஷமாக நிற்பதாகக் கேள்வி.

பொம்மை இல்லாவிட்டால் வகுப்பு நின்றுவிடுமா என்ன? இருக்கிறவர்களிலேயே மெலிந்த அழகம்மாவைப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள். அன்றிலிருந்து அவள் பொம்மையாகக் கிடந்தாள். மற்றவர்கள் அவளைத் தூக்கினார்கள், புரட்டினார்கள், துடைத்தார்கள், தலை வாரினார்கள், கரண்டியால் கஞ்சி ஊட்டினார்கள். "நானும் ஒருக்கா தூக்கிப் பாக்குறேனே" என்று அவள் கேட்டபோதெல்லாம் சீதா "அடுத்த வகுப்புல பாப்போம்" என்றாள். வகுப்புகள் தீர்ந்துபோயின. அழகம்மாவுக்கோ கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் வேலை கிடைத்திருந்தது. பக்கவாதத்தில் விழுந்த பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து இறங்க அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

இந்த நிலையில் தரக் கண்காணிப்பு வந்தது. அது லேசுப்பட்ட சடங்கா? பதாகை சுருக்கமில்லாமல் கட்டியிருக்கிறதா? குத்துவிளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா, நெருப்புப்பெட்டி நமத்துப்போகாமல் இருக்கிறதா? பட்டிஸும் ரோல்ஸும் எந்தக் கடை? படமெடுக்க வெளிச்சம் எந்தப் பக்கம்? இவ்வளவையும் ராஜரத்தினம் தானே நேரில் வந்து பார்ப்பார். இதற்கு மட்டும் ஆள் போடமாட்டார். கடமை என்று வந்துவிட்டால் அவர் அப்படித்தான்.

மடுல்கெல்ல மண்டபத்தில் விளக்கேற்றினார், பட்டிஸ் தின்றார், பிறகு கட்டிலருகே போய், கழுத்துவரை போர்த்திக் கண்மூடிக் கிடந்த அழகம்மாவைக் குனிந்து பார்த்தார்.

"என்னமா செஞ்சிருக்கான்! அசல் ஆள் மாதிரியே இருக்கே. எந்த நாட்டுப் பொம்மை, சீதா?"

சீதா வாய் திறக்கவில்லை. பொம்மை திறந்தது.

"நான் இந்தத் தோட்டந்தாங்க சேர். பேரு அழகம்மா."

நீங்களும் நானும் என்றால் வெட்கத்தில் மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்திருப்போம். ராஜரத்தினம், "நல்லது, பேசிப் பழகவும் வசதி" என்று மெச்சினார்.

அழகம்மா எழுந்து உட்கார்ந்தாள். "சேர், ஒன்னு கேக்கணும். நான் இங்க பொம்மையாத்தான் கெடந்தேன். ஒரு ஆளக்கூடத் தூக்கிப் பழகல. திங்கக்கெழம வேலைக்குப் போகணும். அந்தப் பெரியவரு என் கையில இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நான் என்னங்க செய்வேன்?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி வந்தால் ஆள் போட்டவர் உடனே தொலைபேசியை எடுப்பார். பிலிமத்தலாவைக்கு அடித்து, "என்னய்யா, தரம் கொறையுதே!" என்று சத்தம் போட்டார். பிலிமத்தலாவை கலகெதரவுக்கு அடித்துச் சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில், ராஜரத்தினத்துக்குப் பக்கத்திலேயே நின்ற சீதாவின் கைப்பைக்குள் தொலைபேசி அலறியது. மஹ்மூத்.

"சீதா தங்கச்சி, மேல இருந்து கொற வந்தீக்கி. புள்ளகளுக்குத் தூக்கிறதக் காட்டிக் குடுத்தீங்களா, இல்லயா?"

சீதா அழகம்மாவைப் பார்த்தாள். ராஜரத்தினத்தைப் பார்த்தாள். "குடுத்தேங்க" என்றாள். பாவம், வேறென்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் இத்தனை பேரில் போகப்போகிற வேலை அவளுடையது மட்டுந்தான்.

பதில் கலகெதர ஏறி, பிலிமத்தலாவை ஏறி, ராஜரத்தினத்தின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா, விசாரிச்சாச்சு. குடுத்திருக்காங்களாம்."

அழகம்மா விடவில்லை. கட்டிலைவிட்டு இறங்கி, கசங்கிய விரிப்பை நீவிவிட்டாள்.

"அப்ப நீங்க செத்த நேரம் படுங்க சேர். உங்களத் தூக்கிப் பாத்துக்கிறேன். அந்தப் பெரியவரும் உங்க கனந்தான் இருப்பாரு."

மண்டபமே சிரித்தது. ராஜரத்தினம் இரண்டடி பின்வாங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"வெளையாடுறியா? எனக்கு ஏற்கெனவே முதுகு சரியில்ல. தூக்கத் தெரியாத ஆளுக்கிட்ட ஒடம்பக் குடுக்க முடியுமா?"

சொன்ன வாய் மூடுமுன் அவளிடம் சான்றிதழை நீட்டினார். அதில் 'அதிசிறப்பு' என்று எழுதியிருந்தது. அவர் கை நீட்டியபடி நிற்கப் படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் பார்த்தேன். எல்லோருக்கும் பல் தெரிகிறது; அழகம்மா மட்டும் அழுதுவிடுகிறவள்போல நிற்கிறாள். இத்தனை நேரம் கேலி பேசிய எனக்கே அதைப் பார்த்ததும் கேலி வரவில்லை.

வாசகரே, ராஜரத்தினத்தை நினைத்து நன்றாகச் சிரித்திருப்பீர்கள். நீங்கள் யாருக்கும் ஒப்பந்தம் கொடுத்தவரில்லை, யாரிடமும் தரம் பார்க்கப் போனவரில்லை. ரொம்பச் சரி. ஆனால் கட்டுகஸ்தோட்டையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற உங்கள் தகப்பனாருக்கு, நீங்கள் கொழும்பில் இருந்துகொண்டே ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தீர்களே? சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்று அன்று மாலை தொலைபேசியில் கேட்டீர்கள். கிடைத்துவிட்டது என்றாள். என்ன தரம் என்று கேட்டீர்கள். அதிசிறப்பு என்றாள். சொல்லிவிட்டு, "ஐயா, ஆனா ஒன்னு..." என்று இழுத்தாள்.

"சரி சரி, திங்கக்கிழமை வந்துரு" என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள்.