ஜோடி டயர் விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்பு மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, செருப்புக்கடை மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். ஜீப்பும் நலம். அதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அந்த டயரோட வந்தீங்கன்னா என் பொண்டாட்டி பிள்ளைய ஏத்தி அனுப்ப மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். பிள்ளை பெற்ற பிறகு மகள் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். பேத்தியை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை அதே ஜீப்பில், அதே டயரில்தான் மலையேறி வருவேன்.

நான் செய்த குற்றம்தான் என்ன? முன்னால் இரண்டு புது டயர், பின்னால் பழசு இரண்டு. காலமெல்லாம் ஜோடி ஜோடியாக விற்றுப் பிழைக்கிறவன், ஜோடியாகத்தான் வாங்கினேன். பழசு கொஞ்சம் வழுக்கை, அவ்வளவுதான். வழுக்கை விழுந்ததெல்லாம் வேலைக்கு ஆகாதென்றால் நானும் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மெக்கானிக் ஒரே பாட்டாகப் பாடுகிறான்: "ஐயா, தேஞ்ச சக்கரம் சின்னது, புதுசு பெருசு. நாலும் சேந்து இழுக்கிற வண்டியில சின்னது வேகமா சுத்தும், பெருசு மெதுவா சுத்தும், நடுவுல கியர்பெட்டி மாட்டிக்கிட்டு முழிக்கும்." எந்தக் குடும்பத்தில் நாலு பேரும் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள்? அப்படியானால் நாலு சக்கர கியரைப் போடாமல் ஓட்டுங்கள் என்றான். காசைக் கொட்டி வாங்கிவிட்டு இரண்டு சக்கரத்தைச் சும்மா ஊர் சுற்ற விடுவதா? கடைத்தெருவிலேயே போட்டு ஓட்டினேன். திருப்பத்துக்குத் திருப்பம் வண்டி விக்கியது, வங்கி வாசலில் முரண்டு பிடித்து நின்றேவிட்டது, கியர் கம்பிய இழுத்தா வரல, தள்ளினா வரல, பின்னால பஸ்காரன் ஹாரன அமுக்கிக்கிட்டே இருக்கான், உங்க அத்தை கதவத் திறந்து இறங்கி யாரோ எவரோ மாதிரி நடந்து போறா, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா விட்டுடும்னு மெக்கானிக் போன்ல சொன்னான், எடுத்தேன், விட்டுடுச்சு, பழக்காரர் தள்ளுவண்டியில போய்த்தான் நின்னுது.

"உங்க கடையில ஒரு காலுக்குப் புதுசும் ஒரு காலுக்குத் தேஞ்சதும் குடுப்பீங்களா?" என்று அவர் கேட்க, தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். உங்கள் அத்தை, "தான் புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று சொன்னதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். முயலுக்கு எத்தனை காலானாலும் நான் ஜோடியாகத்தான் விற்பேன்.

பேத்தியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பும்படி மகளிடம் கேட்டிருந்தேன். இன்னும் வரவில்லை. ஞாபகப்படுத்தவும். வெள்ளி காலையில் பெட்டி தயாராக இருக்கட்டும்.

பேத்திக்கு என் ஆசி, மகளுக்கு என் அன்பு. கோபம் ஆறியதும் உங்களுக்கும் அதே அளவு உண்டு.

இப்படிக்கு,
ஓர் அங்குலமும் இறங்கி வராத மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது. என் கடையில் இருப்பதிலேயே சின்னச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒற்றைச் செருப்புக்குள் இரண்டு பாதமும் அடங்கிவிட்டன. எனக்குப் பயமாகிவிட்டது மாப்பிள்ளை. கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னாலும் புதுசு மாட்டிவிட்டேன். பழசு இரண்டும் கடை வாசலில் கிடக்கின்றன, வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து செருப்புப் போட்டுப் பார்க்கிறார்கள். மெதுவாகத்தான் ஓட்டி வருவேன். ஆனால் இதையும் ஜோடியாகத்தான் வாங்கினேன் என்பதைக் கவனிக்கவும்.