படி தாண்டியாச்சு

"அங்கிள், ஃபிளைட் கேன்சல். ஸ்ட்ரைக்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே.

நாராயணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு மாதமாக அவர் பேப்பர் படித்ததே இந்த ஸ்ட்ரைக்குகளுக்காகத்தான். லண்டனில் ஸ்ட்ரைக் வரலாம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட, நேராகப் போகும் விமானத்தை விட்டுவிட்டு, நடுவில் வேறோர் ஊரில் இறங்கி மாறிப் போகும் டிக்கெட்டை எடுத்தார். லண்டனில் ஸ்ட்ரைக் வரவில்லை. நடு ஊரில் வந்துவிட்டது.

"சரி, எங்க பெட்டியக் குடுங்க."

"பெட்டி போயிடுச்சே அங்கிள். இடம் இருக்குன்னு முன்னாடி போன ஃபிளைட்லயே ஏத்திட்டாங்க."

"அப்போ அங்க போய் இறங்கியிருக்குமா?"

"இறக்குறவங்கதான் அங்கிள் ஸ்ட்ரைக்."

நாராயணன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ வாடிக்கையாளர்களை இதே சிரிப்போடு திருப்பி அனுப்பியவர் என்பதால், மேலே என்ன பேசினாலும் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மனசு கேட்கவில்லை. லண்டனில் மகள் ரஞ்சனி அடுத்த வாரம் டாக்டர் பட்டம் வாங்குகிறாள். அவள் மேடை ஏறும்போது கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷமாக அவருக்கிருந்த ஒரே ஆசை.

"வா அழகம்மை, வீட்டுக்குப் போவோம். கிராப் டாக்சி கூப்பிடுறேன்," என்றார்.

அவர் மனைவி அழகம்மை அசையவில்லை. "வீட்டுக்கா? நல்ல நேரம் பார்த்துப் படி தாண்டியாச்சுங்க. போற காரியம் முடியாம மறுபடி உள்ள கால் வைக்கலாமா?"

"இது எப்போலேருந்து? ராகுகாலத்துலதான் கூட்டம் இருக்காதுன்னு பாசாருக்குக் காய் வாங்கப் போறவ நீ!"

"பாசாருக்குப் போறதும் புள்ள பட்டம் வாங்கறதப் பாக்கப் போறதும் ஒண்ணா? திரும்பிப் போய் அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நீங்கதான் பொறுப்பு."

மகள் பெயரை இழுத்ததும் நாராயணன் அடங்கிப்போனார். அவரை அடக்க அழகம்மைக்குத் தெரிந்த சுருக்கு வழி அது.

ஆக, பிரிக்பீல்ட்ஸில் எட்டாவது மாடியில் சொந்த வீடு பூட்டிக் கிடக்க, இருவரும் பக்கத்து ஊரான கிள்ளானில் அழகம்மையின் தம்பி ஆனந்த் வீட்டில் போய் இறங்கினார்கள்.

ஆனந்த் தங்கமான பையன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான், கரோக்கே. வேலை விட்டு வந்ததும் மைக்கைப் பிடித்தால், அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் களைத்துப்போன பிறகுதான் கீழே வைப்பான். அந்தக் கரோக்கே பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சோபாதான் நாராயணனுக்குப் படுக்கை. சொந்தக் கட்டிலைத் தவிர வேறெங்கே படுத்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. சொந்தக் கழிப்பறையைத் தவிர வேறெங்கும் மற்ற காரியமும் நடக்காது.

மறுநாள் காலையில் வயிற்றைத் தடவிக்கொண்டே போனைப் பிடித்தவர், பழைய டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொரு கம்பெனியில் டிக்கெட் எடுத்தார். எடுத்து முடித்துக் காப்பி குடிப்பதற்குள் செய்தி வந்தது. பழைய கம்பெனி வழியில் ஸ்ட்ரைக் வாபஸ். அவர்கள் போயிருக்க வேண்டிய விமானம், அவர்கள் இல்லாமலே அழகாகப் புறப்பட்டுப் போனது.

"பரவால்ல, நம்ம புது டிக்கெட் நாளைக்குத்தானே," என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அன்று மாலை புதுக் கம்பெனியின் பைலட்டுகள் ஸ்ட்ரைக் அறிவித்தார்கள்.

நாராயணன் போனை சோபாவில் விட்டெறிந்தார். "இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா? நான் பட்டனை அமுக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பானுங்க போல!"

"அத்தான், நீங்க டிக்கெட் எடுக்குற கம்பெனியெல்லாம் ஸ்ட்ரைக் பண்ணுது," என்றான் ஆனந்த். "எங்க ஃபேக்டரிக்கும் ஒரு டிக்கெட் எடுங்களேன் லா. எனக்கு ரெண்டு நாள் லீவு கிடைக்கும்."

ஆனந்தின் மனைவி சீதாலெட்சுமி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நாராயணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கெஞ்சும் குரலில் மனைவியிடம் சொன்னார், "அழகம்மை, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நம்ம வீட்டுல போய்ப் படுத்துட்டு வந்துடுறேனே. யாருக்கும் தெரியாது."

"சாமிக்குத் தெரியாதா?"

"சாமிகிட்ட நான் பேசிக்குறேன்."

"முதல்ல ஏர்லைன்கிட்ட பேசுங்க. எப்போதான் ஃபிளைட்டாம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள இருக்காதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

பாவம், அவளுக்கும் கவலை என்று நினைத்துக்கொண்டார் நாராயணன். அதுவும் நியாயம்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் பின்கட்டில் யார் யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டேதான் இருந்தாள்.

கடைசியில் வெள்ளிக்கிழமை காலையில் கதவு திறந்தது. மஸ்ஜித் இந்தியா தெருவில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர், எங்கெங்கோ சுற்றிப் போகும் ஒரு விமானத்தில் இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தார். அன்று இரவே புறப்பட வேண்டும். நாராயணன் துள்ளிக் குதிக்காத குறைதான். உடனே மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, வாங்க வாங்க! ஆனா இங்க குளிர் தாங்க முடியல. கோட் இல்லாம வந்துடாதீங்க."

கோட்டு பெட்டியில் இருந்தது. பெட்டி, இறக்க ஆளில்லாத ஊரில் இருந்தது.

கிள்ளான் கடைத்தெரு முழுக்க அலைந்தார். பட்டு வேட்டி கிடைத்தது, கல்யாண ஷெர்வானி கிடைத்தது, குளிருக்குப் போட ஒரு கோட்டு கிடைக்கவில்லை. இந்த வெயிலில் அதை யார் வாங்குவார்கள்? ஆனந்த் தன் மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டை எடுத்து நீட்டினான். மஞ்சள் நிறம், முதுகில் ஃபேக்டரி பெயர். டாக்டரின் தகப்பன் அதைப் போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அழுகைதான் வந்தது.

"வீட்டுல என் பழைய கேமரன் மலை கோட்டு இருக்குல்ல? வாசக் கதவுக்குப் பின்னாலதானே தொங்குது?"

அழகம்மை பதறிப்போய் எழுந்தாள். "அதெல்லாம் வேண்டாம்! ஏர்போர்ட்லயே வாங்கிக்கலாம். வீட்டுப் பக்கம் போகவே கூடாது. நல்ல காரியங்க!"

நாராயணன் தலையை ஆட்டிவைத்தார். ஆனால் உள்ளுக்குள் ஒரு யோசனை ஓடியது. படி தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? கால்தானே உள்ளே போகக் கூடாது? கை போகலாமே! சாஸ்திரத்தில் கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே!

முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, ஆனந்தின் வளைந்த கைப்பிடிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, வியர்க்க விறுவிறுக்க நடந்து, சொந்த வீட்டு வாசலில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுதை, சொந்த வீட்டைப் பார்த்துக் கண் கலங்கும் நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்களே இந்த ஸ்ட்ரைக்காரர்கள்!

கிரில்லைத் திறந்தார். சாவியைப் போட்டுக் கதவை லேசாகத் தள்ளினார். இரண்டு காலையும் படிக்கு வெளியே கெட்டியாக ஊன்றிக்கொண்டார். "ரஞ்சனி, அப்பா உள்ள போகலம்மா. கை மட்டும்தான்," என்று முணுமுணுத்தபடி குடையை உள்ளே விட்டுக் கதவுக்குப் பின்னால் துழாவினார்.

கோட்டு மாட்டியது. இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்பையும் வெளியே வைத்தபடி எக்கி இழுத்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து மீ கோரெங் நூடுல்ஸ் வாசனை வந்தது. தொடர்ந்து டிவி சத்தம். ஒரு குழந்தையின் சிரிப்பு.

திருடன்! குடும்பத்தோடு வந்திருக்கிறான்!

நாராயணன் கத்த வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் கதவு அகலத் திறந்தது. குடை, கோட்டு, நாராயணன் எல்லாம் ஒன்றாகப் படியைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தன.

மேலே ஓர் இளைஞன், கையில் தட்டோடு நின்றான். "ஐயோ, பார்த்து அங்கிள்! அடி பட்டுச்சா?"

"யாருடா நீ?" என்று தரையிலிருந்தே உறுமினார் நாராயணன்.

"நான் தனேஷ் அங்கிள், ஊர் சுங்கைப் பட்டாணி. எங்களுக்கும் ஃபிளைட் கேன்சல், குடும்பத்தோட மாட்டிக்கிட்டோம்." அவன் அவரைக் கைகொடுத்துத் தூக்கி, கோட்டைத் தட்டிக் கொடுத்தான். "நீங்களும் ஸ்ட்ரைக்ல மாட்டி இந்த ஹோம்ஸ்டேக்கு வந்தீங்களா? சாரி அங்கிள், வீட்டுக்காரங்க கிளம்பின அன்னைக்கே நாங்க வாடகைக்கு எடுத்துட்டோம், ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்களுக்குத்தான். அழகம்மை ஆன்டி ரொம்ப நல்லவங்க லா, ஒவ்வொரு தடவை ஃபிளைட் கேன்சல் ஆகும்போதும், 'கவலைப்படாம இருங்க தம்பி, எங்க வீட்டுக்காரரை நான் படி ஏற விடமாட்டேன்'னு சொல்லி நாள் நீட்டிக் குடுத்துடுறாங்க!"