சின்னக்குருவி முகாமில் இருக்கிறாள்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்.
சனிக்கிழமை மாலை.

மரியே வாழ்க!

அன்பும் அறிவும் அடங்காத வாயும் ஒருசேர வாய்த்த அக்காள் மகள் லிடியாவுக்கு, தாய்மாமன் கிளெமென்ட் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் சகாயராணி அத்தையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. முப்பத்திரண்டு வருடம் வத்தலக்குண்டு பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த கால் அது. அதனிடம் அதற்குமேல் சுகம் கேட்க எனக்கும் வாயில்லை. பெங்களூரில் உன் சுகத்தைப் போனிலேயே விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நீ ஆசையாக அனுப்பிவைத்த 'ஏழு கணவாய்' விளையாட்டின் மூன்றாம் பதிப்புப் புத்தகத்தை, வருகிற திங்கட்கிழமை அதே கூரியரில் திருப்பி அனுப்பப் போகிறேன். மனம் நோகாதே தாயி. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கூடவே ஒரு கடிதாசியில் வாழ்த்தெல்லாம் எழுதி அனுப்பியிருந்தாய். குற்றமெல்லாம் அந்த விளையாட்டுக் கம்பெனிக்காரன் மேல்தான்.

ஊரடங்கு நாளில் நீ இங்கே மாட்டிக்கொண்டபோது, சும்மா இருந்த எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தாய். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி ஏழு மலைக் கணவாய்களைக் கடக்க வேண்டும், சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும் என்றாய். நாங்கள் சிரித்தோம். பிறகு விட முடியவில்லை. பஸ்ஸில் அம்பது பேரை அடக்கி உட்காரவைத்தவன் என்று என்னைக் கதை நடத்துபவனாகப் போட்டாய். பி.டி. மாஸ்டராக ரிட்டயரான ராயப்பராஜ் வாள்வீரன் ஆனான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பக்ருதீன் மந்திரவாதி. உன் அத்தை வைத்தியச்சி. மூட்டையில் எத்தனை வேளைச் சோறு இருக்கிறது என்று எண்ணுவதும் அவள்தான். ராயப்பராஜ் சம்சாரம் ஆரோக்கியம்மாள், சத்துணவுக் கூடத்தில் ஒரு முட்டைகூடக் கணக்குத் தப்பவிடாத அந்தப் புண்ணியவதி, "நான் திருடியா இருக்கேன்" என்றாள். சின்னக்குருவி என்று பெயரும் வைத்துக்கொண்டாள். எதிரி மடியை விட்டுவிட்டு, எங்கள் பைகளைத் துழாவ ஆரம்பித்தாள். முதலில் புருஷன் பை, அப்புறம்தான் மற்றதெல்லாம். விளையாட்டில் திருடினால் பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டிருக்கிறாள். சாமியார், எதற்கும் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னாராம். அவளே வந்து சொல்லிச் சிரித்தாள்.

இந்தக் கதையெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததை இனிமேல் சொல்கிறேன்.

புதுப் புத்தகம் வந்த அன்றைக்கே வீடு ரெண்டுபட்டது. பக்ருதீன் அட்டையைத் தடவிப் பார்த்து, "அண்ணே, என்னா பளபளப்பு! மந்திரவாதிக்குப் பதினோரு புது மந்திரம் குடுத்திருக்கான்ணே" என்று குதித்தான். அவன் வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவன், அவனுக்குப் புதுசு என்றால் போதும். உன் அத்தை பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். சோற்று மூட்டையை எண்ணும் விதியையே எடுத்துவிட்டானாம். 'போதுமான உணவு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரே வரி. "வச்சுக்கிறதா? இத்தன வருஷம் ஒத்தச் சோத்துப் பொட்டலம் தவறாம எண்ணுனவ நானு. எவன் வச்சுக்கிறது?" என்று அடுப்படிக்குப் போனவள் அன்று வைத்த வெஞ்சனத்தில் உப்பே இல்லை. எண்ணுவதையே விட்டுவிட்டாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. நானா? நான் நடுநிலை. ஆனால் பகடையில் இருபது விழுந்தால் இனிமேல் எழுந்து நின்று கை தட்டும் கொண்டாட்டம் இல்லை, 'சிறப்பான வெற்றி' மட்டும்தான் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் நடுநிலை என்னைவிட்டு இறங்கிப்போய்விட்டது. உன் அத்தை யூடியூபைத் திறந்து பார்த்தால், அங்கே தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறான். இன்னொருத்தன் அவனைக் கேலி செய்கிறான். "பாவம், இவனுக்கும் ஞாயித்துக்கிழமைக்கு ஒரு மேசை இருக்கும் போல" என்றாள்.

சரி, சண்டை வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய விதி பாதி, புது விதி பாதியாக ஆடிப்பார்ப்போம் என்று சமாதானம் செய்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மூன்றாம் கணவாயில் ஒரு வழிப்பறிக்காரன் வந்தான். ராயப்பராஜ் பழைய விதிப்படி ஒரே வெட்டு, ஆள் காலி. அவன் செத்தான் என்று நான் அறிவித்து முடிப்பதற்குள் பக்ருதீன் புதுப் புத்தகத்தைத் திருப்பி, "இல்லண்ணே, இதுல அவனுக்கு இன்னும் மூணு உசுரு பாக்கி இருக்குண்ணே" என்றான். செத்தவன் எழுந்து பக்ருதீனையே வெட்டினான். பக்ருதீன் "நான் பழைய விதிக்கு வாரேன்" என்றான். "ஏறுன பஸ்ஸுலதான்டா எறங்கணும்" என்று நான் சத்தம் போட, கை பட்டு டீ டம்ளர் புதுப் புத்தகத்தின்மேல் கவிழ்ந்தது. உன் அத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு எழுந்திருப்போம்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும், நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் எங்களுக்கு அது சொல்ல வராமலே போய்விட்டது. ஆரோக்கியம்மாள் போய் ரெண்டு வருஷமாகிறது. அடக்கத்துக்கு நீயும் வந்திருந்தாய். ஒரு மாதம் கழித்து நாங்கள் மறுபடி மேசையில் உட்கார்ந்தபோது, நான் பழக்கத்தில் ஆள் எண்ணினேன். வாள்வீரன்? இருக்கேன். மந்திரவாதி? இருக்கேன். வைத்தியச்சி? இருக்கேன். சின்னக்குருவி என்று வாய் வந்துவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ராயப்பராஜ்தான், பழைய புத்தகத்தின் விதிகளை நீ எங்களுக்காக உன் கையால் தமிழில் எழுதிவைத்த நோட்டைப் புரட்டி, ஒரு விதியைக் காட்டினான். 'ஆட வராதவருடைய பாத்திரம் முகாமில் இருக்கும். அவர் வரும்வரை அதற்கு ஒரு தீங்கும் நேராது.' காட்டிவிட்டு, "முகாமில இருக்கா" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கூப்பிடுவேன், அவன் சொல்வான், உன் அத்தை அவளுக்கென்று ஒரு பொட்டலச் சோற்றைக் கழிப்பாள். ரெண்டு வருஷமாக ஒரு வாரம் தப்பியதில்லை.

டீயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்ருதீன் ஈரம் பட்ட பக்கத்தை மெதுவாகப் பிரித்து, அதில் இருந்ததை அப்படியே தமிழில் படித்தான். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் படித்தான், பாவம். 'நான்கு முறை தொடர்ந்து வராதவருடைய பாத்திரம் கூட்டத்தைவிட்டுத் தன் வழியே போய்விடும்.' படித்து முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ராயப்பராஜ் எழுந்தான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வேலை இருக்குலே, வாரேன்" என்று போனான். போனவன் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. கோவிலில் பூசைக்கு வந்தால் கடைசி வரிசையில் நின்று, முடிவதற்குள் கிளம்பிவிடுகிறான். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். நாளை நான்காவது ஞாயிறு. நாளையும் வராவிட்டால், அந்த விளங்காத விதிப்படி வாள்வீரனும் போய்விடுவான்.

நான் புதுசுக்கு விரோதி இல்லை லிடியா. நான் சின்னப் பையனாக இருந்தபோது கோவிலில் செபங்களை எல்லாம் புதுத் தமிழுக்கு மாற்றினார்கள். ஊரே மாறிக்கொண்டது, செபம் சொல்லிக்கொடுக்கும் அருளப்பன் உபதேசியார் மட்டும் மாறவில்லை. நாங்கள் புதுச் செபத்தைச் சொல்லி ஆமென் போட்ட பிறகும் அவர் பழையதில் பாதி தூரத்தில் வந்துகொண்டிருப்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பங்குச்சாமியார் அவர் முடிக்கும்வரை கைகூப்பி நிற்பார், அதற்குப் பிறகுதான் அடுத்த செபத்தைத் தொடங்குவார். அவர் ஏன் நின்றார் என்று எனக்கு இந்த மாதம்தான் புரிகிறது. புத்தகம் போடுகிறவன் தாராளமாகப் போடட்டும். ஆனால் பழைய பக்கத்தில் யாராவது ஒரு ஆளைக் குடிவைத்திருக்கிறாரா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆகவே, நீ நல்ல இங்கிலீஷில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுது. முகாம் விதியைத் திரும்பப் போட வேண்டும், இருபதுக்குக் கொண்டாட்டம் வேண்டும், சோற்று மூட்டையை எண்ண வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் திண்டுக்கல்லில் அவர்கள் புத்தகம் எந்த மேசையிலும் ஏறாது என்று என் பெயரைப் போட்டே எழுது. ஓய்வுபெற்ற நடத்துநர் என்பதையும் மறக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. அத்தை பருப்புப் பொடி அனுப்புகிறாள். தினமும் வெளியே கிளம்பும்போது நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொள், அது நான் போட்டதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
கிளெமென்ட்.

பி.கு. (ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு): உறையை ஒட்டவில்லை. நல்லதாகப் போயிற்று. பூசை முடிந்து வந்தால் ராயப்பராஜ் எங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பக்ருதீனிடம் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் வாங்கி, மூன்று வாரமாக அகராதியை வைத்துக்கொண்டு படித்தானாம். "ஏலே கிளெமென்ட்டு, அவ உசுரோட இருந்தப்ப ஒரு எடத்துல செத்த நேரம் சும்மா உக்காந்திருக்காளா? ரெண்டு வருஷமா முகாம்ல உக்கார வச்சுச் சோறு போட்டுக்கிட்டிருக்கோம். அவளுக்குச் சலிச்சுப்போயிருக்காதா?" என்றான். "செத்துட்டாள்னா போட்டிருக்கான்? தன் வழியே போறாள்னுதான போட்டிருக்கான். போகட்டும்லே" என்றான்.

ஆள் எண்ணினேன். சின்னக்குருவி என்று கூப்பிட்டேன். "கெளம்பிட்டா" என்றான். அவளுக்காக அவனே பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. புது விதி என்ன சொன்னாலும் சரி, நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். அதற்குப் பிறகுதான் உன் அத்தைக்குத் தோன்றியது: "அவ சும்மாவா போயிருப்பா? பையப் பாருங்க." அவரவர் பையின் கணக்கு எழுதிய தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அடித்தோம். பக்ருதீனுடைய பதினோரு மந்திரச் சுவடியும் இல்லை. சோற்று மூட்டை இல்லை, உன் அத்தை இனி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அவளைத் துரத்திக்கொண்டு நான்காம் கணவாய்க்குப் போகிறோம், பிடித்துவிடக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

"ஒன் பையில என்னலே போச்சு?" என்று ராயப்பராஜைக் கேட்டேன். தன் தாளில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்தான். "எல்லாம் போச்சுலே" என்றான். சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

கம்பெனிக்கு எழுதாதே. புதுப் பதிப்பில் இன்னொன்று அனுப்பு. இங்கே இருந்த புத்தகத்தை ராயப்பராஜ் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.